கூடு விட்டுக் கூடு பாயும் நிரல்



திருமூலர் வரலாற்றை நீங்கள் கேட்டிருப்பீர்கள். வடதிசையிலிருந்து வந்த சிவயோகியார் ஒருவர், சாத்தனூரில் பசுக்கூட்டம் கதறி நிற்பதைக் கண்டார். அவற்றை மேய்த்து வந்த மூலன் என்னும் ஆயன் உயிர் நீங்கிக் கிடந்தான். பசுக்களின் துயரைத் தீர்க்க எண்ணிய யோகியார், தம் உடலை ஓரிடத்தே காப்பாக வைத்துவிட்டு, மூலனது உடலிலே புகுந்தார் என்பர். இவ்வாற்றலைக் கூடு விட்டுக் கூடு பாய்தல் என்று நம் முன்னோர் வழங்கினர்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளும் ஒருவகையிலே கூடு விட்டுக் கூடு பாய்தலே. ஆயின் இது புராணம் அன்று. கணிப்பொறி உலகிலே கண்கூடாக நடந்த வரலாறு. கணிப்பொறிக்கு நாம் இடும் கட்டளைகளின் கோவையை நிரல் என்கிறோம். ஒரு பொறிக்கென்று எழுதிய நிரல் வேறொரு பொறியிலும் பிழையின்றி நடைபெறுமா? நடைபெறச் செய்வதற்கு மனிதர் என்ன பாடுபட்டனர்? அப்பாடு முழுப் பயனைத் தந்ததா? இவையே இன்று நாம் எண்ண வேண்டியவை.

முற்காலக் கணிப்பொறிகள் ஒவ்வொன்றும் ஒரு தனி நாடு. அவற்றின் மொழி வேறு. எண்ணை வைக்கும் முறை வேறு. நினைவகத்தின் அளவு வேறு. 1964ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் தன் சிஸ்டம் 360 என்னும் வரிசையை அறிவித்து, அக்குடும்பத்துச் சிறு பொறிக்கு எழுதிய நிரல் பெரிய பொறியிலும் ஓடும் என்றது. அது பெரிய முன்னேற்றமே. ஆயினும் அந்த ஒற்றுமை ஒரு குடும்பத்தின் வேலிக்குள் அடங்கியது. வேலியைத் தாண்டினால், பழைய நிரலைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக எழுத வேண்டியதுதான். பொறி முதுமையடைந்தால், அதனோடு அறிஞர் பலரின் ஆண்டுக்கணக்கான உழைப்பும் உடன்கட்டை ஏறிற்று.

இந்நிலையை மாற்றிய கதை அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்திலுள்ள பெல் ஆய்வகத்திலே தொடங்குகிறது. மல்டிக்ஸ் என்னும் பெரிய இயக்க முறைமை ஒன்றை ஆக்கும் கூட்டு முயற்சியிலிருந்து அவ்வாய்வகம் 1969இல் விலகிற்று. இயக்க முறைமை என்பது யாது? பொறிக்கும் மற்ற நிரல்களுக்கும் இடையே நின்று, கோப்புக்களைக் காத்து, நினைவகத்தைப் பங்கிட்டுக் கொடுத்து, வேலைகளை முறைப்படுத்தும் தலைமை நிரல் என்று கொள்க. மல்டிக்ஸில் உழைத்திருந்த கென் தாம்சன், அதே ஆண்டில் அதிகம் பயன்படாமல் கிடந்த பி.டி.பி.-7 என்னும் சிறிய பொறியில், எளிய இயக்க முறைமை ஒன்றைத் தாமே எழுதினார். டென்னிஸ் ரிட்சியும் வேறு சிலரும் அவருக்குத் துணையாயினர். அதுவே பின்னர் யூனிக்ஸ் என்று பெயர் பெற்றது. பொறியின் நினைவகம் எட்டாயிரத்துச் சொச்சம் சொற்களே என்றால், அந்தக் குடிசையின் அளவை நீங்களே எண்ணிப் பார்க்கலாம்.

முதல் யூனிக்ஸ் அந்தப் பொறியின் சொந்த மொழியிலேயே எழுதப்பட்டது. பி.டி.பி.-11 என்னும் புதிய பொறி வந்தபோது, எல்லாவற்றையும் மறுபடியும் எழுத வேண்டியதாயிற்று. அப்போதுதான் ஒரு கேள்வி பிறந்தது. இயக்க முறைமையையே, எந்தப் பொறிக்கும் உரியதல்லாத ஒரு பொதுமொழியில் எழுதினால் என்ன? அக்காலத்தில் பலர் இதனை ஏற்கவில்லை. பொதுமொழியில் எழுதினால் விரைவு குன்றும், இடம் பெருகும் என்று அஞ்சினர். ரிட்சி, சி என்னும் மொழியைப் படிப்படியாக உருவாக்கி வந்தார். தாம்சன் 1972இல் யூனிக்ஸின் கருப்பகுதியை அம்மொழியில் எழுத முயன்று கைவிட்டார். பலவகைத் தரவுகளை ஒன்றாகக் கட்டி வைக்கும் வசதி அப்போது சி மொழியில் இல்லை. அவ்வசதியை ரிட்சி சேர்த்த பின், 1973ஆம் ஆண்டுக் கோடையில் முயற்சி கைகூடிற்று. மொழியின் குறை கண்டு முறைமையை நிறுத்தினர். முறைமையின் தேவை கண்டு மொழியை வளர்த்தனர்.

ஆயினும் நண்பர்களே, பொதுமொழியில் எழுதிவிட்டதனால் மட்டும் நிரல் எங்கும் செல்லும் தகுதி பெற்றுவிடாது. ரிட்சியும் ஸ்டீவன் ஜான்சனும் இதனை நேரிலே கண்டனர். சி மொழிக்கான மொழிமாற்றிகள் வேறு சில பொறிகளுக்கும் செய்யப்பட்டன. நிரல்கள் அங்குச் சென்றன, ஆனால் தடுமாறின. பொறி வேறுபட்டது ஒரு காரணம். அப்பொறியின் இயக்க முறைமை வேறுபட்டது, அதற்குச் சற்றும் குறையாத மற்றொரு காரணம். கோப்பைத் திறக்கும் வழி ஒவ்வோரிடத்தும் ஒவ்வொன்றாக இருந்தது. இதற்கு அவர்கள் கண்ட தீர்வு துணிவானது. விருந்தினன் அயலூர்ச் சமையலில் வாடுகிறான் என்றால், சமையற்கட்டையே அவனோடு அனுப்பிவிடுவது போல, இயக்க முறைமையையே நிரலோடு புதிய பொறிக்குக் கொண்டுபோய்விடுவது என்று முடிவு செய்தனர். 1977இல் இண்டர்டேட்டா 8/32 என்னும் பொறிக்கு யூனிக்ஸை மாற்றத் தொடங்கி, அவ்வனுபவத்தை 1978இல் கட்டுரையாகவும் வெளியிட்டனர்.

இங்கே ஒரு செய்தியை நாம் மறத்தல் கூடாது. ஏறத்தாழ அதே காலத்தில், உலகின் மறுகோடியிலே, ஆஸ்திரேலியாவின் ஊலங்காங் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்டு மில்லர் என்பவர், பெல் ஆய்வகத்தாரைச் சாராமலே, இண்டர்டேட்டா 7/32 என்னும் உறவுப் பொறிக்கு யூனிக்ஸைக் கொண்டு சென்றார். பெரிய ஆய்வகத்துக்கு மட்டுமே உரியது என்று எண்ணத்தக்க செயலை, சிறிய பல்கலைக்கழகம் ஒன்று செய்து காட்டியது. மூலநிரலைப் படிக்கும் உரிமை இருந்தமையால் அன்றோ அது முடிந்தது!

இப்பயணங்களில் எழுந்த இடர்கள் மாணவர் அறிந்துகொள்ளத் தக்கவை. முதலாவது, அளவு பற்றியது. பி.டி.பி.-11இல் முழு எண்ணுக்கும் நினைவக முகவரிக்கும் ஒரே அளவு, 16 பிட்டு. ஆகவே நிரலர் பலர் முகவரியை எண் போலவும், எண்ணை முகவரி போலவும் எடுத்தாண்டனர். அளவு வேறுபடும் பொறிக்குச் சென்றதும் அவை முறிந்தன.

இரண்டாவது, வரிசை பற்றியது. ஒரு எண் இரண்டு பைட்டுக்களில் அடங்கும் என்று வைத்துக்கொள்வோம். சிறிய பகுதியை முதலில் வைப்பதா, பெரிய பகுதியையா? நாம் நாள், திங்கள், ஆண்டு என்று எழுதுகிறோம். வேறு சிலர் ஆண்டு, திங்கள், நாள் என்று எழுதுவர். இரண்டும் முறைதான், கலந்தால்தான் குழப்பம். பி.டி.பி.-11 சிறியதை முன்வைத்தது. இண்டர்டேட்டா பெரியதை முன்வைத்தது. யூனிக்ஸ் என்று ஆங்கில எழுத்தில் அச்சிட வேண்டிய புதுப்பொறி, எழுத்துக்கள் இரண்டிரண்டாக இடம் மாறி ‘நக்ஸி’ என்று அச்சிட்டதாகக் கணிப்பொறியாளரிடையே ஒரு கதை வழங்குகிறது. இவ்விரு கட்சியாருக்கும் 1980இல் டேனி கோஹன் என்பவர் ஒரு பெயர் சூட்டினார். கலிவரின் பயணக் கதையில், முட்டையைப் பெரிய முனையில் உடைப்பதா, சிறிய முனையில் உடைப்பதா என்று சண்டையிட்டவர்கள் வருகிறார்கள் அல்லவா? அவர்கள் பெயரையே பொறிகளுக்கும் வைத்துவிட்டார்.

மூன்றாவது இடரை நான் என் அனுபவத்தாலேயே அறிந்தேன். தமிழ் எழுத்துக்களை 128 முதல் 255 வரையுள்ள எண்களில் வைத்துக் குறித்த காலம் அது. பெயர்ப் பட்டியல் ஒன்றை அகரவரிசைப்படுத்தும் நிரலை நான் எழுதினேன். ஒவ்வோர் எழுத்தின் எண்ணையும் கொண்டு, 256 இடங்கள் உள்ள ஓர் அட்டவணையில் அதன் வரிசையைத் தேடுவதே அதன் முறை. எழுதிய பொறியில் அது செவ்வனே நடந்தது. மற்றொரு பொறிக்கு மாற்றியபோது, ஆங்கிலப் பெயர்கள் ஒழுங்காக நின்றன. தமிழ்ப் பெயர்கள் மட்டும் நெல்லிக்காய் மூட்டையை அவிழ்த்தது போலச் சிதறின. இரண்டு நாட்கள் புதிய பொறியையே குற்றம் சாட்டிக்கொண்டிருந்தேன். உண்மை யாதெனில், சி மொழியில் ஓர் எழுத்தின் எண்ணுக்குக் கழித்தற்குறி உண்டா இல்லையா என்பதை மொழி வரையறுக்கவில்லை; மொழிமாற்றியை ஆக்குவோர் விருப்பத்துக்கே விட்டிருந்தது. என் பழைய பொறியில் 171 என்பது 171ஆகவே இருந்தது. புதிய பொறியில் அது கழித்தல் 85 ஆயிற்று. அட்டவணையின் தொடக்கத்துக்கும் முன்னே போய், அங்கே கிடந்ததை எல்லாம் வரிசை எண் என்று நிரல் எடுத்துக்கொண்டது. ‘குறியற்ற’ என்ற ஒரு சொல்லைச் சேர்த்ததும் பெயர்கள் தத்தம் இடத்துக்குத் திரும்பின. பொறி பொய் சொல்லவில்லை; நான்தான் கேட்காமலே நம்பியிருந்தேன்.

இனி வரலாற்றுக்கு மீள்வோம். பெல் ஆய்வகம் ஏ.டி. அண்டு டி. என்னும் தொலைபேசி நிறுவனத்தைச் சேர்ந்தது. 1956இல் அமெரிக்க அரசோடு செய்துகொண்ட உடன்பாட்டின்படி, அந்நிறுவனம் தொலைபேசித் துறைக்குப் புறம்பான வாணிகத்தில் இறங்குதல் இயலாது. ஆகவே யூனிக்ஸைப் பல்கலைக்கழகங்களுக்குச் சிறு கட்டணத்தில், மூலநிரலோடு கொடுத்தது. விற்கத் தடை இருந்ததனால் அறிவு பரவியது! கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பில் ஜாய் முதலிய மாணவர்கள் அதனைத் திருத்தியும் பெருக்கியும், 1978 முதல் தம் பதிப்புக்களை வெளியிடலாயினர். 1983இல் வந்த அவர்களது 4.2 பதிப்பு, இணையத்துக்கு அடிப்படையான பிணைய வசதிகளை யூனிக்ஸுக்கு அளித்தது. அதே 1983இல் ஏ.டி. அண்டு டி. சிஸ்டம் ஃபைவ் என்னும் பதிப்பை வெளியிட்டது. 1984இல் அந்நிறுவனம் பிரிக்கப்பட்டபோது, வாணிகத் தடையும் நீங்கிற்று. பின்னர்ப் பொறி செய்வோர் ஒவ்வொருவரும் இவ்விரண்டில் ஒன்றையோ, இரண்டையும் கலந்தோ, தமக்கென ஒரு யூனிக்ஸை அமைத்துக்கொண்டனர்.

இங்கேதான் வரலாறு நம்மைப் பார்த்து நகைக்கிறது. இயக்க முறைமைகளின் வேறுபாட்டிலிருந்து தப்புவதற்கன்றோ 1977இல் யூனிக்ஸையே பொறி விட்டுப் பொறி கொண்டு சென்றனர்? பத்தாண்டுகளுக்குள் யூனிக்ஸ் ஒன்றே பலவாகி, அதே வேறுபாட்டை வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டது. சிஸ்டம் ஃபைவில் கோப்பின் பெயர் 14 எழுத்துக்களுக்கு மேற்படலாகாது. பெர்க்லியில் 255 வரை செல்லலாம். சொற்றொடரில் ஓர் எழுத்தைத் தேடும் செயற்கூறு பெர்க்லியில் ‘இண்டெக்ஸ்’. சிஸ்டம் ஃபைவில் ‘எஸ்.டி.ஆர்.சி.எச்.ஆர்.’. பெயர் மாறினால் போகட்டும், மாற்றிக்கொள்ளலாம். பெயர் ஒன்றாயிருந்து பொருள் மாறுவதே பெருந்துன்பம். ஓடும் நிரலுக்கு இடையிலே வரும் அறிவிப்பைச் சிக்னல் என்பர். அறிவிப்பு வந்தால் இன்னது செய்க என்று நிரல் முன்னரே சொல்லி வைக்கலாம். பெர்க்லியில் அச்சொல் நிலைத்து நிற்கும். சிஸ்டம் ஃபைவில் ஒரு முறைக்குப் பின் அது மறைந்துவிடும்; இரண்டாம் அறிவிப்பு வந்தால் நிரல் மாண்டுபோகும். எழுதிய வரி ஒன்றே; விளைவு இரண்டு. சோதனை நாளில் ஒரு முறையே அறிவிப்பு வந்திருந்தால், பிழை மறைந்தே இருந்து, பிறிதொரு நாள் பயன்படுத்துவோர் கையிலே வெடிக்கும்.

வாக்ஸ் என்னும் பொறியிலிருந்த பெர்க்லி யூனிக்ஸில் சுழி என்னும் முகவரியைத் தொட்டால் தீங்கில்லை; அங்கே சுழியே இருக்கும். அதனால் பிழையான நிரல்களும் சரியானவை போல உலாவின. சன் பொறிகளுக்குச் சென்றதும் அவை உடனே விழுந்தன. உலகம் முழுதும் வாக்ஸ் பொறியே என்று எண்ணும் மயக்கம் அக்காலத்து நிரலரிடையே பழிச்சொல்லாகவே வழங்கிற்று. கிணற்றுத் தவளை என்று நாம் சொல்வது இதனைத்தான்.

இந்நோய்க்கு மூவகை மருந்து கண்டனர். முதல் மருந்து, பொது வரையறை. யூனிக்ஸ் பயன்படுத்துவோர் சங்கத்தார் 1984இல் ஒரு வரையறை தந்தனர். அதன் வழி, ஐ.இ.இ.இ. என்னும் பொறியியலாளர் கழகம் 1988இல் 1003.1 என்னும் தரத்தை வெளியிட்டது. ரிச்சர்டு ஸ்டால்மன் அதற்குப் பாசிக்ஸ் என்ற பெயரை எடுத்துக் கொடுத்தார். சி மொழிக்கும் 1989இல் அமெரிக்கத் தரம் வந்தது. இத்தரங்களை ஆக்கியோர் நீதிமன்றத்து நடுவரைப் போலத் தோன்றினாலும், உண்மையில் இரு குடும்பங்களுக்கிடையே சம்பந்தம் பேசும் பெரியவர்களாகவே நடந்துகொண்டனர். சிக்னல் வழக்கில் எந்தக் கட்சியையும் தோற்கடிக்காமல், தெளிவான பொருளுடைய புதிய செயற்கூறு ஒன்றைப் புதிய பெயரால் அமைத்தனர். கோப்புக்களைக் கட்டி வைக்கும் கருவி ‘டார்’ஆ ‘சிபியோ’வா என்று பூசல் எழுந்தபோது, இரண்டையும் படிக்கவல்ல புதிய கருவிக்கு ‘பாக்ஸ்’ என்று பெயரிட்டனர். இலத்தீன் மொழியில் அச்சொல்லுக்குச் சமாதானம் என்பது பொருள்.

ஆனால் வரையறை என்பது யாவரும் இசைந்த அளவே இருக்கும். சி மொழித் தரம், பல கோப்புக்களுக்குப் பொதுவான பெயர்களில் முதல் 6 எழுத்துக்களுக்கு மட்டுமே உறுதி தந்தது. மிகப் பழைய பொறிகளையும் விட்டுவிட மனமில்லாமையே காரணம். அதோடு, 1988இல் நிறுவனங்கள் இரு பெருங் கூட்டணிகளாகப் பிரிந்து, எது உண்மையான யூனிக்ஸ் என்று வழக்காடின. ஒவ்வொருவரும் தரத்தைப் போற்றினர். ஒவ்வொருவரும் அதன்மேல் தமக்கெனச் சிலவற்றைச் சேர்த்தனர்.

இரண்டாம் மருந்து, கேட்டறிதல். டேவிட் மெக்கன்சி என்பவர் 1991இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளைக்காகப் பல கருவி நிரல்களைப் பேணி வந்தார். அவற்றை ஒரு பொறியில் நிறுவ, ஏறக்குறைய 20 தேர்வுகளைப் பயனர் தம் கையாலே குறிக்க வேண்டியிருந்தது. இச்சுமையைக் குறைக்க அவர் எழுதிய சிறு நிரலே ஆட்டோகான்ஃப் என்னும் கருவியாக வளர்ந்தது. லாரி வால் என்பவர் அதற்கு முன்னரே 1984இல் தம் நிரலோடு இத்தகைய ஒன்றை அனுப்பியிருந்தார். அதன் முறை எளியது. உன் பெயர் என்ன, நீ எந்தக் குலம் என்று அது பொறியைக் கேட்பதில்லை. உன்னால் இது முடியுமா என்றே கேட்கிறது. ஒரு சிறு சோதனை நிரலை எழுதி, மொழிமாற்றியிடம் கொடுத்து, அது தேறுகிறதா என்று பார்க்கிறது. தேறினால் குறித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குச் செல்கிறது. பெயரைக் கேட்டு முடிவு செய்தால், நாளை பிறக்கும் பொறிக்கு விடை இராது. திறமையைக் கேட்டால், இதுவரை யாரும் காணாத பொறிக்கும் விடை உண்டு.

மூன்றாம் மருந்து, அடக்கம். வேறுபாடு தோன்றும் இடந்தோறும் ‘இந்தப் பொறியாயின் இது, அந்தப் பொறியாயின் அது’ என்று நிரலுக்குள்ளே கிளை பிரித்துக்கொண்டு போவது எளிதாகத் தோன்றும். ஹென்றி ஸ்பென்சரும் ஜெஃப் காலியரும் 1992இல் எழுதிய கட்டுரையில் இப்பழக்கத்தின் தீமையை விளக்கினர். பத்துப் பொறிகளுக்காகக் கிளை பிரித்த நிரலைப் படிப்பவர், பத்து நிரல்களை ஒருங்கே மனத்தில் வைத்துப் படிக்க வேண்டும். மாறாக, பொறிக்குப் பொறி வேறுபடும் பகுதியை எல்லாம் ஒரு மூலையில் தனியே ஒதுக்கி வைத்து, மற்றப் பகுதியைப் பொதுவாக எழுதுக என்பதே அவர்கள் தந்த அறிவுரை.

1991இல் ஃபின்லாந்து மாணவர் லினஸ் டார்வால்ட்ஸ் லினக்ஸை எழுதத் தொடங்கியபோது, பாசிக்ஸ் தரத்தை வழிகாட்டியாகத் தேடினார். அவரது முதற் படைப்பு இன்டெல் 386 என்னும் ஒரே சில்லுக்கென்று எழுதப்பட்டது. ஆயினும் அது தரத்தைப் பின்பற்றியதால், உலகெங்கும் எழுதப்பட்டிருந்த கருவிகள் அதில் எளிதாகக் குடியேறின. 1995க்குள் அதுவும் ஆல்ஃபா என்னும் 64 பிட்டுப் பொறிக்குத் தாவிற்று. இன்று கைப்பேசி முதல் மீக்கணிப்பொறி வரை அது ஓடுகிறது.

கதை முடிந்ததோ எனின், இல்லை. யூனிக்ஸ் மரபிலே காலத்தை 1970 ஜனவரி 1 முதல் கழிந்த நொடிகளாக எண்ணுவர். 32 பிட்டு இடத்தில் அவ்வெண் 2,147,483,647ஐத் தாண்ட இயலாது. 2038 ஜனவரி 19 அன்று அவ்வெல்லை வந்துவிடும். அதன்பின் பழைய நிரல்கள் 1901ஆம் ஆண்டுக்குத் திரும்பிவிடும். புதிய முறைமைகள் 64 பிட்டுக்கு மாறிவிட்டன. ஆயினும் எங்கோ ஒரு தொழிற்சாலையில், எங்கோ ஒரு கருவியின் உள்ளே, காலத்துக்கும் முழு எண்ணுக்கும் ஒரே அளவு என்று நம்பி எழுதிய வரிகள் உறங்கிக்கொண்டிருக்கின்றன. அவற்றைத் தேடித் திருத்தும் பணியில் இன்று மாணவராக இருக்கும் உங்களுள் சிலர் அந்நாளில் இருக்கக்கூடும்.

திருமூலர் மூலனது உடலிற் புகுந்த பின், தம் பழைய உடலைத் தேடியபோது அது காணப்படவில்லை என்பர். நிரலுக்கும் அதுவே கதி. அது பிறந்த பொறி ஒருநாள் மறைந்தே தீரும். பி.டி.பி.-11உம் வாக்ஸும் இன்று காட்சிச்சாலைகளில் இருக்கின்றன. அவற்றில் எழுதிய நிரல்களின் வழித்தோன்றல்களோ உங்கள் கைப்பைகளில் இருக்கின்றன. ஆகவே நீங்கள் ஒரு வரி எழுதும்போது, என் பொறி எனக்குத் தந்தது இது, உலகம் எல்லோர்க்கும் உறுதி தந்தது எது என்று ஒரு கணம் நின்று கேளுங்கள். அக்கேள்வியை நான் கேட்காமையால் தமிழ்ப் பெயர்கள் சிதறிய அந்த இரண்டு நாட்களை இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.